தடுப்பூசிப் பயிற்சி: பயிற்றுநர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தடுப்பூசி போடுபவர்களுக்கு நடக்கும் பயிற்சிகளில் பெரும்பாலானவை ஸ்லைடில் தொடங்கி வினாத்தாளில் முடிந்துவிடுகின்றன. தடுப்பூசியை எந்த வெப்பநிலையில் வைப்பது என்றால் "2 முதல் 8 டிகிரி செல்சியஸ்" என்று எல்லோரும் சரியாக எழுதுவார்கள். மறுநாள் அதே கைகள் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ்பேக்கை அப்படியே, தடுப்பூசி எடுத்துச் செல்லும் குளிர்பெட்டியான கேரியரில் அடுக்கும். கெட்டுப்போன தடுப்பூசி பெரும்பாலும் பார்வைக்கு நல்லது போலவே இருப்பதால், இந்தத் தவறு யார் கண்ணிலும் படாமல் போய்விடும். எனவே பயிற்சியில் சொல்லித் தருவதைக் குறைத்து, செய்யவைப்பதைக் கூட்ட வேண்டும்.

குளிர்ச்சங்கிலி (தடுப்பூசியைத் தயாரிப்பிலிருந்து போடும் வரை குளிரில் காக்கும் ஏற்பாடு) வகுப்புகளில் வெப்பத்தைப் பற்றியே எச்சரிக்கிறார்கள். உறைவுக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. ஹெபடைட்டிஸ் பி, பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி), டெட்டனஸ்-டிப்தீரியா, நியூமோகாக்கல், எச்.பி.வி. ஆகியவற்றில் அலுமினிய உப்பு சேர்ந்திருக்கிறது. ஒருமுறை உறைந்தால் அது திரண்டுவிடும். பிறகு உருகினாலும் பழைய நிலை திரும்பாது, வீரியம் போனது போனதுதான். ஐஸ்பேக்கை வெளியே வைத்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை காத்திருக்க வேண்டும். மேலே வியர்த்திருந்தால் மட்டும் போதாது. பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவரும் ஒரு பேக்கைக் காதருகே ஆட்டிப் பார்த்த பிறகே கேரியரை அடுக்கட்டும்.

இதோடு ஒட்டி வருவது வி.வி.எம். (குப்பியின் மேல் வெப்பத்துக்கு நிறம் மாறும் அடையாளம்) பற்றிய தவறான நம்பிக்கை. உள்சதுரம் வெளிவட்டத்தைவிட வெளிறியிருந்தால் பயன்படுத்தலாம், நிறம் ஒன்றாகிவிட்டாலோ அதைவிடக் கறுத்துவிட்டாலோ கூடாது என்று கற்றுத்தருகிறோம். அது சேர்ந்து பட்ட வெப்பத்தை மட்டுமே காட்டும் என்பதைச் சொல்லாமல் விடுகிறோம். உறைந்து உருகிய குப்பியிலும் வி.வி.எம். வெளிறியே இருக்கும். உறைந்ததோ என்ற சந்தேகத்துக்குக் குலுக்கல் சோதனைதான் வழி. அதையும் ஒரே குப்பியை வைத்துக் காட்டுவது வீண். அதே நிறுவனம், அதே தொகுதியைச் சேர்ந்த இன்னொரு குப்பியை வேண்டுமென்றே முழுதாக உறையவைத்து உருக்கி, இரண்டையும் ஒன்றாகக் குலுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சந்தேகக் குப்பியில் வண்டல் மெதுவாகப் படிந்தால் அது தப்பியது. உறைந்ததற்கு இணையான வேகத்திலோ அதைவிட வேகமாகவோ படிந்தால் கழித்துவிட வேண்டும். கண்ணெதிரே பனிக்கட்டியாக இருக்கும் குப்பிக்குச் சோதனையே வேண்டாம்.

அதிகம் நேரம் ஒதுக்க வேண்டியது கரைப்பானுக்கு, அதாவது தூளாக வரும் தடுப்பூசியைக் கலக்கும் திரவத்துக்கு. 2018-ல் பசிபிக் தீவு நாடான சமோவாவில் எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா தடுப்பூசி) போட்ட சில நிமிடங்களில் இரண்டு குழந்தைகள் இறந்தன. கரைப்பானுக்குப் பதிலாகத் தசைத்தளர்வு மருந்து கலக்கப்பட்டிருந்தது. அங்கே அந்தத் தடுப்பூசி போடுவது மாதக்கணக்கில் நின்றது. மக்களின் நம்பிக்கையும் குலைந்தது. 2019-ல் தட்டம்மை பரவி 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் சிறு குழந்தைகள். "லேபிளைப் படியுங்கள்" என்று அறிவுரை சொல்வது இதைத் தடுக்காது. பயிற்சித் தட்டில் தெரிந்தே ஒரு தவறான ஆம்பூலை (மூடி முத்திரையிட்ட சிறு கண்ணாடி மருந்துக்குப்பியை) வையுங்கள். யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று பாருங்கள். எடுக்கும்போது, கலக்கும் முன், சிரிஞ்சில் உறிஞ்சும் முன் என்று மூன்று முறை லேபிளை வாய்விட்டுப் படிக்கப் பழக்குங்கள். கரைப்பான் அந்தத் தடுப்பூசியைத் தயாரித்த நிறுவனத்துடையதாகவே இருக்க வேண்டும். கலக்கும் முன் அதுவும் குளிர்ந்திருக்க வேண்டும். தடுப்பூசி ஃப்ரிட்ஜில் வேறு மருந்து எதையும் வைக்கக் கூடாது. கலந்த நேரத்தைக் குப்பியிலேயே எழுதி, 6 மணி நேரத்துக்குள் அல்லது முகாம் முடிவதற்குள், எது முந்தியோ அப்போது கழித்துவிட வேண்டும்.

ஊசி போடும் பயிற்சியை ஆரஞ்சுப் பழத்தோடு நிறுத்துவது இன்னொரு குறை. குழந்தையை அம்மா மடியில் எப்படிப் பிடிக்கச் சொல்வது என்பதை ஆரஞ்சு கற்றுத்தராது. ஒரு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தசை ஊசி தொடையின் முன்-வெளிப்புறத்தில், 90 டிகிரியில். பிட்டத்தில் கூடாது: நரம்பு காயப்படலாம், மருந்து கொழுப்பில் தங்கிவிடலாம். குத்தியபின் ரத்தம் வருகிறதா என்று சிரிஞ்சைப் பின்னிழுத்து உறிஞ்சிப் பார்க்க வேண்டாம். அது வலியைத்தான் கூட்டும். பெரியவர்களுக்குத் தோளில் மிக மேலே குத்தினால் மூட்டு பாதிக்கப்படும், ஆகவே தோள் எலும்பின் முனையை விரலால் தொட்டறிந்து, இரண்டு மூன்று விரல் கீழே போட வேண்டும். காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. பச்சிளங்குழந்தைக்கு 0.05 மி.லி., தோலுக்குள்; சிறு கொப்புளம் எழாவிட்டால் ஊசி ஆழமாகப் போய்விட்டது என்று பொருள்.

சளி, லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று குழந்தைகளைத் திருப்பி அனுப்புவதும் பயிற்சியின் தோல்விதான். இவை தடைகளே அல்ல. தவணை தவறியவருக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அனாஃபிலாக்சிஸ் (உயிருக்கே ஆபத்தாகும் திடீர்க் கடும் ஒவ்வாமை) ஒத்திகையில் மயக்கத்தையும் அதையும் பிரித்தறிய வேண்டும். மயக்கத்தில் நாடி மெதுவாகும், படுக்கவைத்தால் தெளியும். அனாஃபிலாக்சிஸில் நாடி வேகமாகவும் பலவீனமாகவும் இருக்கும். தடிப்பு, மூச்சிரைப்பு வரலாம். முதல் மருந்து அட்ரினலின்தான். ஒவ்வாமை மாத்திரையோ ஸ்டீராய்டோ அல்ல. 1:1000 கரைசல், கிலோவுக்கு 0.01 மி.லி., தொடைத் தசையில். அதாவது 10 கிலோ குழந்தைக்கு 0.1 மி.லி. இந்தச் சிறு அளவை எடுக்க 1 மி.லி. சிரிஞ்சு அவசர மருந்துப் பெட்டியில் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஒத்திகையில் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.

பயிற்சி முடிந்த சில வாரங்களில் பயிற்றுநர் ஒருவர் முகாமுக்கே போய், சரிபார்ப்புப் பட்டியலோடு நின்று பார்க்க வேண்டும். ஆபத்து நேராதவரை இடையில் குறுக்கிடாமல், குழந்தைகள் போன பிறகு ஒவ்வொன்றாகப் பேசலாம்.