கட்டடக் காட்சிப்படங்களுக்கு விலை சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்னும் கட்டப்படாத கட்டடங்களைக் கணினியில் உருவாக்கிப் படமாகக் காட்டும் இத்தொழிலுக்கு அண்மையில் புதிதாக வந்த இளைஞர் ஒருவர், அடுக்குமாடிக் குடியிருப்புத் திட்டம் ஒன்றுக்காகத் தாம் தயாரித்த விலைப்புள்ளியை அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துத் தரும்படி என்னிடம் கேட்டார். அதில் இருந்தது ஒரே வரி: படங்கள் 6, ஒன்றுக்கு இன்ன தொகை, மொத்தம் இவ்வளவு. எந்த வரைபடத்தை வைத்து அந்தத் தொகைக்கு வந்தார், எத்தனை முறை திருத்தித் தருவார், படத்தை எந்த அளவில் கொடுப்பார் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தொடக்கத்தில் நானும் இதே ஒரு வரியைத்தான் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முன்பணம் வாங்காமல் தொடங்குவது, கோப்புகளுக்கு நகல் எடுத்து வைக்காமல் இருப்பது போன்றவற்றில் ஒருமுறை பட்டால் யாரும் தாமாகவே திருந்திவிடுவார்கள் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

படங்களை எண்ணிப் பெருக்குவது

ஒரு வரவேற்பறையை மாடல் செய்து, அதாவது கணினியில் முப்பரிமாண வடிவமாக எழுப்பி, பரப்புகளுக்கு மரம், கல் போன்ற தோற்றம் தரும் டெக்ஸ்சர் ஏற்றி, ஒளியமைப்பையும் முடித்துவிட்ட பிறகு, அதே அறையின் எதிர் மூலையில் கேமராவை வைத்து இரண்டாவது படம் எடுப்பதற்கு முதல் படத்துக்கு ஆன உழைப்பில் சிறு பங்கே ஆகும். ஆனால் கட்டடத்தின் முகப்பை மட்டும் செய்து வைத்திருக்கும் நிலையில் ‘பின்புறத்திலிருந்தும் ஒன்று’ என்று கேட்டால், அதுவரை இல்லாத பால்கனிகளையும் சுற்றுச்சுவரையும் வாகன நிறுத்தத்தையும் புதிதாக எழுப்ப வேண்டியிருக்கும். மேலிருந்து பார்க்கும் காட்சி என்றால் மொட்டைமாடியின் நீர்த்தொட்டி முதல் அடுத்த தெரு வரை எல்லாம் வேண்டும். 360 பாகைப் படத்திலோ கேமராவுக்கு முதுகுப்புறம் என்று ஒன்று கிடையாது. நாம் வழக்கமாகச் செய்யாமல் விட்டுவிடும் நான்காவது சுவரும் அங்கே தெரிந்துவிடும். ஒரே எண்ணிக்கையில் படங்கள் கேட்கும் இரண்டு திட்டங்களின் விலை வெகுவாக வேறுபடுவதற்கு இதுவே காரணம்.

வரைபடம் உறுதியாகும் முன் தொடங்குவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நினைத்தால் எரிச்சல் வரும் தவறு இது.

12 மாடிக் கட்டடம் ஒன்றுக்கு வெளித்தோற்றப் படங்கள் 5, நுழைவுக் கூடத்துக்கு ஒன்று என ஒப்புக்கொண்டிருந்தேன். அவற்றுள் ஒரு படத்தில், டிரோன் எடுத்த உண்மையான புகைப்படத்துக்குள் கட்டடத்தைப் பொருத்திக் காட்ட வேண்டும். நான்கு படங்கள் ஏறத்தாழ முடிந்துவிட்ட நேரத்தில் கட்டுநரின் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது: குளிர்சாதனக் குழாய்களுக்கு இடம் போதவில்லையாம்; ஒவ்வொரு தளத்தின் உயரமும் 3 மீட்டரிலிருந்து 3.15 மீட்டராக மாறியிருக்கிறதாம். ‘வெறும் 15 சென்டிமீட்டர்தானே, கொஞ்சம் இழுத்துவிடுங்கள்’ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

அந்த 15 சென்டிமீட்டர், 12 தளங்களிலும் சேர்ந்து 1.8 மீட்டர் ஆகிவிடுகிறது. மாடலை அப்படியே இழுத்தால் சன்னல்களும் பால்கனிக் கைப்பிடிகளும் கூடவே நீண்டுவிடும் என்பதால், தளம் தளமாகப் பிரித்துத்தான் உயர்த்த முடியும். முகப்பில் 60 சென்டிமீட்டர் ஓடுகள் ஒரு தளத்துக்குச் சரியாக 5 வரிசை பொருந்தும்படி அமைக்கப்பட்டிருந்தன. புதிய உயரத்தில் ஐந்தேகால் வரிசை வருவதால், ஓடுகளின் இணைப்புக்கோடுகள் ஒவ்வொரு தளத்திலும் வெவ்வேறு இடத்தில் விழுந்தன. நுழைவுக் கூடத்தில் தெரியும் படிக்கட்டில் 15 சென்டிமீட்டர் உயரத்தில் 20 படிகள் இருந்தன. 21 ஆனதும் படிக்கட்டு நீண்டு, அதன் கீழே வைத்திருந்த வரவேற்பு மேசை இடம்பெயர்ந்தது. டிரோன் படத்தில் கூரைக்கோடு மேலேறி, பின்னாலிருந்த மரங்களின் உச்சியை மறைத்ததால், புகைப்படத்தில் எது கட்டடத்துக்கு முன்னால், எது பின்னால் என்று வெட்டிப் பிரிக்கும் மறைப்பு வேலை முழுவதையும் மறுபடி செய்தேன்.

மொத்தம் 9 நாள்கள் ஆயின. ஒரு நாளுக்கும் பணம் வரவில்லை. நான் எழுதிக் கொடுத்த விலைப்புள்ளியில் ‘திருத்தங்கள் உட்பட’ என்று இருந்தது. திருத்தம் என்றால் என்ன என்று எங்கேயும் சொல்லியிருக்கவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கும் வழியில்லாமல் போனது. வேலை முடிந்த பிறகு அந்த வரைபடத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, வலது கீழ்மூலையில் இருந்த தலைப்புக் கட்டத்துக்குள் ‘ஆய்வுக்கு மட்டும்’ என்று சிறிய எழுத்தில் இருந்தது. முதல் நாளிலேயே அது அங்கே இருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை.

இப்போது எந்தெந்த வரைபடங்களை வைத்து விலை சொல்கிறேன் என்பதைக் கோப்பின் பெயர், பதிப்பு எண், தேதி ஆகியவற்றுடன் விலைப்புள்ளியிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு, வண்ணமோ பொருளோ ஏற்றாத வெள்ளை மாடலை எல்லாக் கேமரா கோணங்களிலிருந்தும் காட்டி, எழுத்தில் ஒப்புதல் வாங்குகிறேன். அதன் பிறகு சுவரின் நிறம், மரத்தின் வகை, வானத்தின் வெளிச்சம் ஆகியவற்றை இரண்டு சுற்று மாற்றித் தருவது விலைக்குள் அடங்கும். சுவரே நகர்ந்தால் அது மணிக்கணக்கில் தனிக் கட்டணம். வரைபடம் இன்னும் முடிவாகவில்லை என்று கட்டுநர் நேர்மையாகச் சொன்னால் வேலையை மறுக்க வேண்டியதில்லை; அந்த நிச்சயமின்மைக்கும் சேர்த்து விலை சொன்னால் போதும்.

‘இதே சோபா வேண்டும்’

ஆயத்தமாகக் கிடைக்கும் மாடல் என்றால் சில நிமிடங்களில் முடியும். தயாரிப்பாளரின் பட்டியலில் இருக்கும் குறிப்பிட்ட சோபாவே வேண்டுமென்றால் மடிப்பும் தையலும் உட்பட அதைச் செய்ய ஒரு முழுநாள் கூடப் போகலாம்.

வீடியோவைப் படங்களின் நீட்சியாக நினைப்பது

ஒரு நிமிட வீடியோவில், நொடிக்கு 25 என்ற கணக்கில் 1,500 ஃபிரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள், இருக்கின்றன. ஒரு ஃபிரேம் ரெண்டராக, அதாவது மாடலிலிருந்து கணினி அதைப் படமாகக் கணக்கிட்டு முடிக்க, 10 நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் 250 மணி நேரம் ஆகும். ஒரே கணினியில் இரவுபகலாக ஓடினாலும் பத்து நாள்களைத் தாண்டும். நிலைப்படத்தில் யார் கண்ணுக்கும் படாத நொய்ஸ் என்னும் புள்ளிப்புள்ளியான இரைச்சல், வீடியோவில் சுவரெங்கும் துடித்துக்கொண்டிருக்கும். வி-ரே, கொரோனா போன்ற ரெண்டரர்களில் நொய்ஸைப் பாதியாகக் குறைக்க ஏறத்தாழ 4 மடங்கு சாம்பிள்கள், அதாவது ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒளியைக் கணக்கிட்டுப் பார்க்கும் முறைகள், தேவைப்படுவதால், ‘இன்னும் கொஞ்சம் சுத்தமாக’ என்ற கோரிக்கை அந்த 250 மணியை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பல கணினிகளில் பிரித்து ரெண்டர் செய்து தரும் ரெண்டர் ஃபார்முக்கு அனுப்புவதாக இருந்தால் அதற்கான கட்டணத்தைத் தனி வரியாகக் காட்டிவிடுங்கள். லூமியன், ட்வின்மோஷன், அன்ரியல் ஆகிய விரைவு ரெண்டர் மென்பொருள்கள் இந்தக் காத்திருப்பை வெகுவாகக் குறைக்கின்றன என்பது உண்மை. ஆனால் அவற்றிலும் மாடலை நாம்தான் செய்ய வேண்டும்.

அச்சளவைக் கேட்காமல் விடுவது

அகலமும் உயரமும் இரட்டித்தால் பிக்சல்கள் 4 மடங்காகும். படம் கைப்பிரதிக்கா, விளம்பரப் பலகைக்கா என்று முதல் நாளே கேளுங்கள்.

அவசர வேலையை வழக்கமான விலைக்கு எடுப்பது

எடுக்காதீர்கள்.

மூலக் கோப்பையும் சேர்த்துக் கொடுப்பது

விலையில் அடங்குவது முடிந்த படம் மட்டுமே. மாடல் முழுவதும் அடங்கிய மூலக் கோப்பைக் கொடுத்தால், அடுத்த கட்டத் திட்டத்தின் படங்களை அதை வைத்து வேறொருவர் குறைந்த விலைக்குச் செய்துவிடுவார். மேலும், நாம் விலை கொடுத்து வாங்கும் மாடல் தொகுப்புகள் பலவற்றின் உரிம விதிகள், அந்த மாடல்களைக் கோப்பாகப் பிறருக்குத் தருவதை அனுமதிப்பதில்லை. கட்டாயம் வேண்டும் என்று கேட்டால், அத்தகைய மாடல்களை நீக்கிவிட்டு, தனி விலைக்குக் கொடுக்கலாம்.