‘ழ’வின் வால் நுனி

சாம்பல் நிறப் படங்களில் ஒவ்வொரு பிக்சலின் (படப் புள்ளியின்) நிற எண்ணிலும் கடைசி பிட்டை, அதாவது கடைசி 0 அல்லது 1-ஐ, மாற்றி ரகசியம் ஒளித்துப் பழகியவன் நான். ஸ்கேன் செய்த கறுப்பு வெள்ளைக் கடிதத்திலும் அதையே செய்தேன். தாள் முழுக்க மிளகுத்தூள் தூவியது போலானது. இங்கே பிக்சலுக்கு ஒரே பிட்தானே; அதை மாற்றினால் வெள்ளை கறுப்பாகிவிடும், கறுப்பு வெள்ளையாகிவிடும்!

சரி என்று படத்தை 16×16 பிக்சல் கட்டங்களாகப் பிரித்தேன்; கட்டத்துக்கு ஒரு ரகசிய பிட். கறுப்புப் பிக்சல்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால் 1, இரட்டைப்படையானால் 0. ஒத்துவராவிட்டால் எழுத்தின் ஓரத்தில் ஒரு பிக்சலை மாற்றுவேன். கறுப்பே இல்லாத வெற்றுக் கட்டத்தைத் தாண்டிவிடுவேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை; ஆனால் திரும்பப் படித்தால் பாதிக்கு மேல் குப்பை.

கட்டம் ஒன்றுக்குள் இருந்த ஒரே கறுப்புப் பிக்சலை, ஒரு ‘ழ’வின் வால் நுனியை, நானே அழித்திருந்தேன். படிக்கும்போது அது வெற்றுக் கட்டமாகிவிட, பின்னால் வந்தவை எல்லாம் ஒரு பிட் நகர்ந்துவிட்டன. அப்புறம் கறுப்பைச் சேர்ப்பது மட்டும், அழிப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். சேர்த்தாலும் ஒற்றை இரட்டையாகும். ஒரு பிக்சலும் மாறாமல் படத்தைச் சேமிக்கும் பிஎன்ஜி (PNG) கோப்பாகச் சேமித்துப் படித்தேன். ஒரு எழுத்தும் பிசகவில்லை.