கைமரம் நீளம் போதாவிட்டால்

மியான்மரில் யாங்கோனிலும் பகோவிலும் தகரக் கூரைக்கு 18 அடிக் கைமரம் (முகட்டிலிருந்து சுவர் வரை சரிவாக ஓடும் சட்டம்) தேவை, கையில் இருப்பதோ 12 அடிச் சட்டம் என்றால், ஒட்டு எங்கே விழும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எப்படிப் போடுவது என்பது அதற்குப் பிறகு. ஒட்டு நடுவளையின் மேல், அதாவது முகட்டுக்கும் சுவருக்கும் நடுவே கைமரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் மேல், உட்கார வேண்டும். இரண்டு தாங்கலுக்கும் நடுவே மரம் அதிகமாக வளையும். அங்கே ஒட்டுப் போடவே கூடாது.

2×5 அங்குலச் சட்டத்துக்கு எளிய வழி, 12 அடியும் 8 அடியுமான இரண்டு துண்டை நடுவளை மேல் பக்கத்தோடு பக்கமாக 2 அடி ஏற்றி வைப்பது. வளைக்கு இருபுறமும் ஓரடி வரும். மரத்தின் முனையிலிருந்து 4 அங்குலம் தள்ளி, வளைக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்றாக ½ அங்குல போல்ட் இரண்டு போடுங்கள். நீளம் 5 அங்குலம், இருபுறமும் வாஷர். முனைக்கு மிக அருகே துளைத்தால் மரம் பிளந்துவிடும்.

கைமரம் ஒரே கோட்டில் ஓட வேண்டுமானால், முனையோடு முனை சேர்த்து, இருபுறமும் 1 அங்குலக் கனத்தில் 4 அடிப் பட்டைப் பலகை வைத்து நான்கு போல்ட்டால் இறுக்குங்கள். பட்டையின் நடு, வளைக்கு நேராக வரட்டும்.

பாதி பாதியாக வெட்டிப் பிணைக்கும் ஒட்டு பார்க்க அழகுதான். ஆனால் 5 அங்குல ஆழம் 2½ ஆகும்போது வளைவைத் தாங்கும் பலம் பாதியாக அல்ல, கால்வாசியாகக் குறைகிறது. கூரையில் அதை நம்ப வேண்டாம்.

முகட்டில் இரண்டு விதம் உண்டு. எதிரெதிர்க் கைமரங்கள் முட்டி நிற்க நடுவே வைக்கும் முகட்டுப் பலகை அதிகப் பாரம் சுமப்பதில்லை. அதன் ஒட்டை இருபுறமும் பட்டை வைத்து ஆணியடித்தால் போதும். கைமரங்களைத் தாங்கி நிற்கும் முகட்டு வளை வேறு. அதன் ஒட்டு தூணின் தலையில்தான் வர வேண்டும்.

பியின்கடோ இரும்பு போன்ற மரம். துளையிடாமல் அடித்தால் ஆணி வளையும், இல்லையேல் மரம் வெடிக்கும். போல்ட் துளை 9/16 அங்குலம், ஆணித் துளை ஆணியைவிடச் சற்று மெல்லியது.

2008 மே மாத நர்கிஸ் புயலில் பறந்த கூரைகளை மறக்கக் கூடாது. காற்று கூரையை மேலே தூக்கும். ஒவ்வொரு கைமரத்தையும் நடுவளையோடும், சுவர் மேல் கிடக்கும் சுவர்வளையோடும் இரும்புப் பட்டையால் கட்டுங்கள்.

பச்சை மரம் காய்ந்து சுருங்கினால் நட்டு தளரும். முதல் மழை மே நடுவில் தொடங்குமுன், மார்ச்சிலேயே ஏறி எல்லா நட்டையும் மறுபடி முடுக்கிவிடுங்கள்.