பொய் சொன்ன நடிகரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி?

“கார்க் நகரில் 1899இல் பிறந்தவர்” என்று ஆறு வருடத்துக்கு முன் ஒரு சிற்றிதழில் எழுதினேன். ஐரிஷ் மொழி எழுத்தாளரும் நடிகருமான மீஹால் மக் லியமோரைப் பற்றிய குறிப்பு அது. அயர்லாந்தின் கார்க் என்று அவரே சொல்லியிருந்தார், அதனால் சந்தேகமே வரவில்லை. இதழ் வெளியான பத்தாவது நாள் ஒரு வாசகரிடமிருந்து தபால் அட்டை. “ஐயா, அவர் லண்டன்காரர். பெயர் ஆல்ஃபிரட் வில்மோர். கொஞ்சம் பார்த்து எழுதுங்கள்.” அச்சகத்தில் மெய்ப்பு பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். அட்டையை இன்னும் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு பழகிக்கொண்ட முறையைத்தான் சொல்லப் போகிறேன். வேற்றுமொழி நடிகர் யாரைப் பற்றி எழுதினாலும் உதவும். உதாரணத்துக்கு அதே மனிதரையே எடுத்துக்கொள்கிறேன், கடன் பாக்கி இருக்கிறது.

முதலில் நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் ‘அவர் சொன்னது’, வலப்பக்கம் ‘தாள் சொல்வது’. என் நோட்டில் இடப்பக்கம்: கார்க்கில் பிறப்பு, ஐரிஷ் குடும்பம். வலப்பக்கம்: 1899 அக்டோபர் 25, லண்டன், கென்சல் கிரீன், ஆல்ஃபிரட் வில்மோர். இரண்டும் மோதும் இடத்தில் வலப்பக்கம்தான் குறிப்புக்குப் போகும். ஆனால் இடப்பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அந்தக் கதையை அவர் சாகும்வரை விடாமல் நடித்தார். உண்மை நூல்களில் ஏறியது 1990களில்தான், அதாவது அவர் போய்ச் சேர்ந்து பத்து வருடத்துக்கும் மேலான பிறகு. ஒருவர் அரை நூற்றாண்டுக்கு மேல் தாங்கிப் பிடித்த பொய் அவருடைய வாழ்க்கையில் சேராதா? அதற்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள்.

வலப்பக்கத்தை நிரப்ப எங்கே போவது? ஐரிஷ் வாழ்க்கை வரலாற்று அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஐரிஷ் மொழிக்காரர்கள் என்றால் ‘அனிம்’ என்ற தளம் இருக்கிறது (சொல்லுக்குப் ‘பெயர்’ என்று பொருள்). குறிப்புகள் ஐரிஷ் மொழியிலேயே இருக்கும், ஆனால் ஆண்டும் ஊரும் நூல் பெயரும் பொறுக்க அகராதி போதும். அயர்லாந்தின் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் வீடு வாரியாக இலவசம். ஐரிஷ் பேசத் தெரியுமா என்பதற்கே அதில் ஒரு கட்டம் உண்டு. ஆனால் அதில் பெயர் இல்லை என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. அந்த நாளில் ஆள் ஊரில் இல்லாமல் இருந்திருக்கலாம். இருக்கிற தாள்தான் சாட்சி. இல்லாத தாள் வெறும் சந்தேகம்.

அடுத்து பெயர். நான் அன்றைக்கே பெயரைப் பிரித்துப் பார்த்திருந்தால் மாட்டியிருக்க மாட்டேன். வில்மோர் என்பதை வில், மோர் என்று பிரியுங்கள். வில் என்பது வில்லியம், ஐரிஷில் லியம். மோர் என்றால் ஐரிஷில் ‘பெரிய’. மக் என்றால் மகன் (நம் காதுக்கு வசதியாக இருப்பது தற்செயல்தான், உறவு கண்டுபிடிக்கக் கிளம்பிவிடாதீர்கள்). சேர்த்தால் ‘பெரிய லியமின் மகன்’. ஆங்கிலப் பெயரை அப்படியே ஐரிஷ் சட்டை மாட்டி நிறுத்தியிருக்கிறார். பொய்யைத் தன் பெயருக்குள்ளேயே எல்லோருக்கும் தெரியும்படி வைத்துவிட்டு உலவிய மனிதர்!

பெயர்களைத் தமிழில் எழுதும்போது ஆங்கில எழுத்துகளை நம்பாதீர்கள். மேற்கு அயர்லாந்தில் உள்ள கால்வே நகரின் ஐரிஷ் நாடக அரங்கை எழுத்துக் கூட்டிப் படித்தால் ‘தைப்தெயார்க்’ மாதிரி ஏதோ வரும். சொல்வதென்னவோ ‘தைவ்யார்க்’. பி, ஹெச் (bh) சேர்ந்தால் வ. இந்த இடத்தில் டி, ஹெச் (dh) சேர்ந்து ய. ‘தியங்லன்’ அகராதித் தளத்தில் சொற்களைக் கானக்ட், மன்ஸ்டர், உல்ஸ்டர் என மூன்று வட்டார வழக்கிலும் பேசிக் காட்டுகிறார்கள். அதைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. நம் புணர்ச்சி போல ஐரிஷில் முன்னால் வரும் சொல்லைப் பார்த்து அடுத்த சொல்லின் தலையெழுத்து மாறும். அவருடைய 1956 நாட்குறிப்பு நூலின் தலைப்பில் ‘ஹொலஸ்’ என்று ஒரு சொல் வருகிறது. அகராதியில் தேடித் தேடி ஒரு மாலைப்பொழுது போயிற்று. முதல் எழுத்துக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஹெச்சை எடுத்த பிறகுதான் ‘சொலஸ்’ கிடைத்தது: ஒளி. இரண்டு என்ற சொல் முன்னால் நின்று அதை மாற்றியிருக்கிறது. தலைப்பின் பொருள் ‘இரண்டு ஒளியின் கீழ் நடிகர்கள்’. இவருக்கு வேறு யாராவது இவ்வளவு பொருத்தமாகத் தலைப்பு வைத்திருக்க முடியுமா, சொல்லுங்கள்.

சரி, வாழ்க்கைக்கு வருவோம். பிறப்பு முதல் இறப்பு வரை ஒரே வேகத்தில் நடக்காதீர்கள். ஒரு வருடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கே உட்காருங்கள். இவருக்கு அது 1928. லண்டனில் குழந்தை நடிகர், ஐரிஷ் மொழியை வளர்க்கும் கேலிக் லீக் சங்கத்தின் வகுப்பில் ஐரிஷ், 1917இல் அயர்லாந்து, 1922இல் தானே படம் வரைந்து வெளியிட்ட ஐரிஷ் கதைகள், இவை எல்லாம் ஒரு பத்தியில் முடியட்டும். 1927இல் அனியூ மக்மாஸ்டரின் ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவில் சேர்ந்தார், அங்கே ஆங்கில நடிகர் ஹில்டன் எட்வர்ட்ஸைச் சந்தித்தார் என்று சொல்லிவிட்டு வேகத்தைக் குறையுங்கள். 1928 ஆகஸ்ட் 27 அன்று கால்வேயில் தைவ்யார்க் அரங்கு திறந்தது. முதல் நாடகம் ‘டீர்மிட்டும் கிரான்யாவும்’. கிழவன் ஃபியோனுக்கு நிச்சயித்த பெண் இளைஞனோடு ஓடிப்போகும் பழங்கதை. எழுதியது, இயக்கியது, மேடையை வடிவமைத்தது, டீர்மிட்டாக நடித்தது எல்லாம் இவரே. 48 நாள் கழித்து, அக்டோபர் 14 அன்று, டப்ளினில் எட்வர்ட்ஸும் இவரும் கேட் நாடகக் குழுவின் முதல் நாடகத்தை மேடையேற்றினார்கள். நூற்றுச் சொச்சம் இருக்கை கொண்ட பீகாக் அரங்கில் நார்வே நாடகாசிரியர் இப்சனின் ‘பீர் கிண்ட்’. ஏழு வாரத்துக்குள் இரண்டு ஊரில் இரண்டு தொடக்கம். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும், ‘சளைக்காத உழைப்பாளி’ என்று நீங்கள் எழுத வேண்டியதில்லை.

1931இல் 16 வயது ஆர்சன் வெல்ஸ் கேட் அரங்கில் வந்து நின்றது, பின்னாளில் வெல்ஸின் ‘ஒதெல்லோ’ படத்தில் இவர் இயாகோவாக நடித்தது, 1960இல் ஆஸ்கர் வைல்டை வைத்துத் தனி ஆளாகச் செய்த மேடை நிகழ்ச்சி ஆகியவை எல்லாக் குறிப்பிலும் இருக்கும். ஆளுக்கொரு வரி போதும்.

புத்தகப் பட்டியலில் எந்த மொழியில் முதலில் வந்தது என்று பாருங்கள். நான் சொன்ன நாட்குறிப்பு 1956இல் ஐரிஷில் வந்தது, ஆங்கில வடிவம் 1961இல். பலர் ஆங்கிலத்தை மட்டும் போட்டுவிட்டு அவரை ஆங்கில எழுத்தாளராக்கிவிடுகிறார்கள். லண்டன் பையன் தேடிப் போய்க் கற்ற மொழி அது, அதைப் பறித்துவிடக் கூடாது.

சொந்த வாழ்க்கையை மழுப்பாதீர்கள், வம்பும் பேசாதீர்கள். மீஹாலும் எட்வர்ட்ஸும் ஐம்பது வருடம் துணைவர்கள். டப்ளின் ஹார்கோர்ட் டெரஸில் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஆண்களுக்கிடையிலான உறவு அங்கே 1993 வரை சட்டப்படி குற்றம். அப்படியிருந்தும் 1973இல் டப்ளின் நகரம் இருவருக்குமே தன் கௌரவக் குடிமகன் பட்டத்தைக் கொடுத்தது. மீஹாலின் இறுதிச் சடங்கில் குடியரசுத் தலைவர் ஹில்லரி துக்கம் விசாரித்தது எட்வர்ட்ஸிடம். இதற்கு மேல் உரை தேவையில்லை. தெருவில் போகும்போதும் டோப்பாவும் மேக்கப்பும் போட்டிருப்பார் என்பதையும் எழுதலாம், எல்லோரும் பார்த்ததுதான்.

முதல் வாக்கியத்தைக் கடைசியில் எழுதுங்கள். என் திருத்திய குறிப்பு இப்படித் தொடங்குகிறது: “லண்டனில் பிறந்து, கார்க்கில் பிறந்ததாகச் சொல்லி, கால்வே மேடையில் ஐரிஷ் பேசிப் பெயர் வாங்கியவர் மீஹால் மக் லியமோர்.”

அனுப்பும் முன் வயதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 1978இல் 1899ஐக் கழித்தால் 79. ஆனால் பிறந்தது அக்டோபர், இறந்தது மார்ச் 6. அதனால் 78. என் முதல் குறிப்பில் இதுவும் தப்பு, அட்டை போட்டவர் கவனிக்கவில்லை.