சாவித்துளை இல்லாத வண்டிக்கு இரண்டாம் சாவி

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சாவிக் கடை இருக்கிறது. அப்பா நாகல் நகரில் மாங்காய்ப் பூட்டு செய்தவர். எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர் உயிரோடு இல்லை. ஒரு சாவியைக் கண்ணால் பார்த்துவிட்டே அதன் வெட்டுகளை அரத்தால் தகட்டில் இறக்கிவிடும் கை அவருடையது. அதில் பாதியாவது எனக்கும் வந்திருக்கிறது. மோட்டார் சைக்கிள் சாவியென்றால் மாதிரி இல்லாமலே, பூட்டை மட்டும் வைத்து அரைமணி நேரத்தில் செய்து கொடுத்துவிடுவேன்.

இப்போது வேறு வகை வண்டிகள் வருகின்றன. 2023 ஜனவரியில் ஹோண்டாவின் ஆக்டிவா ஸ்கூட்டரில் எச்-ஸ்மார்ட் என்ற ரகம் வந்தது. அடுத்த ஆண்டு யமஹாவின் ஏராக்ஸ் 155 ஸ்கூட்டரில் எஸ் ரகம். இவற்றில் சாவி நுழைக்கும் துளையே இல்லை. துளை இருந்த இடத்தில் ஒரு குமிழ் இருக்கிறது. சட்டைப்பையில் சாவி இருந்தால் குமிழ் திரும்பும், இல்லையென்றால் திரும்பாது. "அண்ணே, இதற்கு ஒரு டூப்ளிகேட் போட்டுக் கொடுங்கள்" என்று புளியங்கொட்டை போன்ற அந்தக் கருப்புச் சாவியை மேசைமேல் வைக்கிறார்கள். அரத்தால் ஆகிற வேலை இல்லை என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது. அப்படி வந்தவர்களை உட்கார்த்தி வைத்துச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், அந்தச் சாவி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். குமிழை அழுத்தியதும் வண்டியிலிருந்து ஒரு மெல்லிய காந்த அலை கிளம்புகிறது. பெரும்பாலான வண்டிகளில் இது 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும், ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் போகாது. அந்த அலையில் வண்டி ஒரு கேள்வி கேட்கிறது. சாவி விழித்துக்கொண்டு ரேடியோ அலையில் பதில் அனுப்புகிறது. கேள்வி ஒவ்வொரு முறையும் மாறும், பதிலும் மாறும். பதிலைச் சரிபார்க்கத் தேவையான ரகசிய எண் சாவிக்குள்ளும் வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளும் மட்டுமே இருக்கிறது. ஆகவே வெளித்தோற்றத்தைப் பார்த்து நகல் எடுக்க வழியே கிடையாது. புதிய சாவியை அந்த வண்டிக்கு அறிமுகம் செய்து, வண்டி அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இதிலிருந்து வருவதுதான் நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கும் காரியம். கையில் ஒரு சாவி வேலை செய்துகொண்டிருக்கும்போதே இரண்டாவதைத் தயார் செய்துவிடுங்கள். ஒரு சாவி இருக்கும்போது இன்னொன்றைச் சேர்ப்பது சர்வீஸ் சென்டரில் சிறிய வேலை. எல்லாச் சாவியும் போன பிறகு என்றால், பல வண்டிகளில் கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்ற வேண்டிவரும். உதிரிபாகம் வரும்வரை வண்டி வாசலில் நிற்கும். செலவும் பல மடங்கு.

வண்டி வாங்கும் நாளில் கொடுக்கும் உறையை இன்றிரவே திறந்து பாருங்கள். இரண்டாம் சாவி அதில் இருக்கலாம். அதைவிட முக்கியம், எண் அச்சிட்ட ஒரு சிறிய வில்லை அல்லது அட்டை. அது சாவியின் அடையாள எண். பலர் அதை விலைச் சீட்டு என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். எறியாதீர்கள். கைப்பேசியில் படம் எடுத்து, வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். வில்லையைச் சாவி வளையத்தில் மாட்டிவிடாதீர்கள். சாவியோடு அதுவும் தொலைந்தால், எடுத்தவன் கையில் வண்டியை முழுதாகக் கொடுத்ததாகிவிடும்.

அந்த எண்ணின் அருமையை நான் நேரில் கண்டேன். போன பங்குனி உத்திரத்தின்போது, நாற்பது வயதிருக்கும் ஒரு பள்ளி ஆசிரியர், என் பழைய வாடிக்கையாளர், பழனியிலிருந்து கூப்பிட்டார். சண்முக நதியில் குனிந்து முழுகியபோது மேல்சட்டைப் பையிலிருந்த சாவி தண்ணீரில் போய்விட்டது. மனைவியும் சின்னப் பையனும் ஈரத் துணியோடு கரையில் நிற்கிறார்கள். இங்கிருந்து பழனி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். "தம்பி, வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டேன். மூத்த மகள் இருந்தாள். பீரோவைத் திறக்கச் சொல்லி, அந்த அட்டையைப் படம் பிடித்து அனுப்ப வைத்தோம். அவருடைய வண்டியில் குமிழை அழுத்திப் பிடித்து, விளக்கு சிமிட்டுவதை எண்ணி, ஒவ்வொரு இலக்கமாக உள்ளே இட வேண்டும். கையேட்டின் அந்தப் பக்கத்தை நான் கடையில் வைத்துப் படிக்க, அவர் அங்கே எண்ணினார். இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை குமிழ் திரும்பியது. "வீடு போய்ச் சேரும்வரை எஞ்சினை அணைக்காதீர்கள், அணைத்தால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கும்" என்று சொல்லி அனுப்பினேன்.

முறை வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் முதலில் இருக்கையைத் திறக்க ஓர் இரும்புச் சாவி வேண்டும், அதன் பிறகே எண்ணை இட முடியும். உங்கள் கையேட்டில் 'அவசரநிலை' என்ற தலைப்பைத் தேடி, வீட்டு வாசலில் ஒருமுறை செய்து பாருங்கள். பழகாத ஒன்றை வெயிலில், குழந்தை அழும்போது செய்வது கஷ்டம்.

புதிய சாவிக்குச் சர்வீஸ் சென்டர் போகும்போது வண்டி, ஆர்.சி., அடையாள அட்டை, எண் வில்லை, அத்தோடு உங்களிடம் இருக்கும் எல்லாச் சாவிகளும் வேண்டும். எல்லாச் சாவிகளையும் ஏன் கேட்கிறார்கள் என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். காரணம் இருக்கிறது. பல வண்டிகளில் புதிதாகப் பதியும்போது பழைய பட்டியல் அழிந்து, அந்த நேரத்தில் காட்டிய சாவிகள் மட்டுமே மறுபடி பதிவாகும். மனைவியின் கைப்பையில் ஒரு சாவியை விட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது அது செல்லாத சாவி. வண்டியை எடுப்பதற்கு முன், அங்கேயே இரண்டு சாவிகளாலும் தனித்தனியாக எஞ்சினைக் கிளப்பிப் பாருங்கள். ஒன்றைச் சோதிக்கும்போது மற்றதைப் பத்து மீட்டர் தள்ளி ஒருவர் கையில் கொடுத்து நிறுத்துங்கள். இரண்டும் பக்கத்தில் இருந்தால் எது பதில் சொன்னது என்று தெரியாது.

இணையத்தில் குறைந்த விலைக்குச் சாவி விற்கிறார்கள். அதில் பாதி வெறும் உறை. பழைய சாவியின் மேலோடு உடைந்திருந்தால் அந்த உறை பயன்படும், உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையைப் பத்திரமாக மாற்றிக் கொடுக்க நானே இருக்கிறேன். மற்றவை வேறு வண்டியில் பதிந்து கழற்றிய பழைய சாவிகள். பெரும்பாலும் ஒரு வண்டிக்குப் பதிந்த சாவியை இன்னொரு வண்டி ஏற்காது. வேறு நாட்டுச் சந்தைக்கான சாவியென்றால் அலைவரிசையே ஒத்துவராமல் போகலாம். பணம் கொடுப்பதற்கு முன் பாகத்தின் எண்ணைச் சர்வீஸ் சென்டரில் காட்டிக் கேளுங்கள்.

இனி, இரண்டாம் சாவியை எங்கே வைப்பது? வண்டிக்குள் வைக்கவே கூடாது. இருக்கைக்குக் கீழே, முன்பக்கப் பெட்டியில், எங்கும் கூடாது. சாவி பக்கத்தில் இருக்கும்வரை வண்டி பூட்டப்படாத வண்டி, யார் வந்து திருப்பினாலும் குமிழ் திரும்பும். இரும்புச் சாவி தந்திருந்தால் அதையும் இருக்கைக்குக் கீழே போடாதீர்கள். வண்டியின் பேட்டரி இறங்கினால் பல வண்டிகளில் இருக்கை திறப்பதற்கு அந்த இரும்புச் சாவிதான் வழி. அதை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு என்னிடம் வந்தவர்கள் இந்த ஆண்டில் மட்டும் நான்கு பேர். இரும்புச் சாவிக்கு நகல் நான் செய்து தருவேன், பத்து நிமிட வேலை. வாங்கிய வாரத்திலேயே கொண்டுவாருங்கள்.

வீட்டிலும் வாசல் ஆணியில் மாட்டாதீர்கள். வண்டி சுவருக்கு அந்தப் பக்கம் நின்றால் சாவியின் எல்லைக்குள்தான் நிற்கிறது. சாவியின் அலையை வாங்கி வண்டிவரை நீட்டித் தரும் கருவிகளால் திருடும் முறை கார்களில் நடந்திருக்கிறது. வண்டியிலிருந்து தள்ளி, உள்ளறையில், மூடியிறுகிய ஒரு எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். டப்பாவையே நம்பிவிடாமல், சாவியை உள்ளே போட்டு, அதை வண்டியருகே கொண்டுபோய்க் குமிழைத் திருப்பிப் பாருங்கள். திரும்பினால் டப்பாவை மாற்றுங்கள். ஹோண்டா ஸ்மார்ட் சாவி போன்றவற்றில் சாவியையே உறங்க வைக்கலாம். ஆன்-ஆஃப் பட்டனை விளக்கின் நிறம் மாறும்வரை அழுத்த வேண்டும். பச்சை என்றால் விழித்திருக்கிறது, சிவப்பு என்றால் உறங்குகிறது. இரண்டாம் சாவியைச் சிவப்பில் வைத்து விடுங்கள், பேட்டரியும் மிஞ்சும்.

எனக்கு வரும் தொலைபேசிகளில் அதிகமானவை சாவி தொலைந்ததால் வருவதில்லை. கணவர் மனைவியை அலுவலக வாசலில் இறக்கிவிடுகிறார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. சாவி மனைவியின் கைப்பைக்குள். அவர் உள்ளே போய்விடுகிறார், இவர் வண்டியை எடுத்துப் போகிறார். ஓடும் எஞ்சினைச் சாவி விலகிய காரணத்துக்காக வண்டி அணைக்காது. சாலை நடுவில் அணைந்தால் ஆபத்து என்பதால் அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். ஒரு விளக்கு மட்டும் எரியும், வெயிலில் அது கண்ணில் படாது. பத்து கிலோமீட்டர் தாண்டி டீக்கடையில் அணைத்த பிறகுதான் தெரியும். ஒரே வண்டியை இருவர் ஓட்டும் வீட்டில் ஆளுக்கொரு சாவி இருக்கட்டும், சிவப்பு நூலும் பச்சை நூலும் கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி விஷயம். பெரும்பாலான சாவிகளில் சி.ஆர்.2032 இருக்கும். 3 வோல்ட், 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது. 2025 என்றால் தடிமன் 2.5. மெல்லியதைத் தடித்ததற்குப் பதிலாகப் போட்டால் தொடுமுனை ஆடும், பள்ளத்தில் வண்டி குதித்தால் சாவி பேசாது. குழந்தைகள் வாயில் போடாமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசியவை வருகின்றன. நல்ல ஏற்பாடு, ஆனால் சில சாவிகளில் பூச்சின்மேல் தொடுமுனை படுவதால் மின்சாரம் வராது. புதிய பேட்டரி போட்டும் வேலை செய்யவில்லையென்றால் முதலில் இதைப் பாருங்கள். கழற்றிய பேட்டரியை உடனே ஒட்டுநாடாவில் சுற்றிக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும். வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம்.

கொடைக்கானல் ஏறும் பெரிய மோட்டார் சைக்கிள்காரர்களும் வத்தலக்குண்டில் நின்றுகொண்டு என்னைத் தேடிக் கேட்பார்கள். அவர்களுக்குச் சுருக்கமாக: ஹார்லியில் சாவி பேசாவிட்டால் ஐந்து இலக்க ரகசிய எண்ணைத் திருப்புவிளக்கு (இண்டிகேட்டர்) பட்டன்களால் இடலாம். டுகாட்டியின் கைபடாத பூட்டு உள்ள வண்டிகளில் பேட்டரி உள்ள சாவியோடு பேட்டரி இல்லாத சாவி ஒன்றும் வரும், அதை வண்டியில் சாவியின் அலையை வாங்கும் ஆன்டெனா இருக்கும் இடத்தில் ஒட்டிப் பிடிக்க வேண்டும். ரகசிய எண்ணும் உண்டு, ஆனால் முன்பே திரையில் அமைத்திருக்க வேண்டும். பி.எம்.டபிள்யூ.விலும் பேட்டரி தீர்ந்த சாவியை ஆன்டெனா வளையத்தருகே வைத்தால் எஞ்சின் கிளம்பும். ஆன்டெனா எங்கே என்பதை மலைக்குக் கிளம்பும் முன் கண்டுபிடித்து வையுங்கள்.

தொலைந்தே போய்விட்டால், அன்றே காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து, மனுவைப் பெற்றதற்குக் காவல்துறை தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்குங்கள். நாளை வண்டி திருடுபோனால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் பொருள்களில் ஒன்று வண்டியோடு கொடுத்த இரண்டு சாவிகள். ஒன்றைக் காட்ட முடியாவிட்டால், எப்போது எப்படித் தொலைந்தது என்பதற்கு அந்த ரசீதுதான் சாட்சி. பிறகு சர்வீஸ் சென்டரில், தொலைந்த சாவியை வண்டியின் நினைவிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். பலர் புதியதைச் சேர்த்ததோடு நிறுத்திவிடுகிறார்கள், பழைய பட்டியல் தானாக அழியாத வண்டியென்றால் தெருவில் கிடக்கும் பழைய சாவியை அது இன்னமும் ஏற்றுக்கொண்டிருக்கும். காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது சாவிக்கென்று தனிச் சேர்க்கை உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு அரம், வைஸ், அப்பா செய்த கடைசி மாங்காய்ப் பூட்டு எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். இப்போது மகனுடைய ஸ்கூட்டரின் இரண்டாம் சாவியும் அந்தத் தட்டில் இருக்கிறது. பூஜை முடிந்ததும் அதற்குப் புதிய பேட்டரி போட்டு, பேட்டரிமேல் மார்க்கரால் தேதியை எழுதி, அன்று முழுவதும் அந்தச் சாவியால்தான் அவன் வண்டியை எடுக்கிறான். மாலையில் திரும்பியதும் சிவப்பு விளக்கு வரும்வரை அழுத்தி, டப்பாவில் போட்டு மூடுவான்.