பகுதி வகைக்கெழு: எதை அசைக்கிறோம், எதைப் பிடித்து வைக்கிறோம்?

உருளையின் கன அளவு = பை × ஆரத்தின் வர்க்கம் × உயரம். ஆரத்தையும் உயரத்தையும் நம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதால் அவை சாரா மாறிகள். கன அளவு சார்ந்த மாறி. ஆரம் 5 செ.மீ., உயரம் 10 செ.மீ. என்றால் கன அளவு 250 பை கன செ.மீ. (3.14 போட்டுப் பெருக்க வேண்டாம், கணக்கின் உருவமே தெரியாமல் போய்விடும்.)

படி 1: ஒன்றை மட்டும் அசையுங்கள். உயரம் 10-லேயே நிற்கட்டும், ஆரத்தை 5.1 ஆக்குங்கள். கன அளவு 260.1 பை, கூடியது 10.1 பை. சரி, ஆரத்தை மறுபடி 5-க்குக் கொண்டுவந்து உயரத்தை 10.1 ஆக்கினால்? கூடுவது வெறும் 2.5 பை.

படி 2: வகையிடுங்கள், அதாவது கன அளவு எந்த வீதத்தில் மாறுகிறது என்று கண்டுபிடியுங்கள். உயரத்தை மாறிலியாக வைத்து ஆரத்தைப் பொறுத்து வகையிட்டால் 2 × பை × ஆரம் × உயரம், அதாவது 100 பை. ஆரத்தை மாறிலியாக வைத்தால் 25 பை. இவைதான் பகுதி வகைக்கெழுக்கள். பள்ளியில் படித்த அதே வகையிடல்தான், புது வித்தை ஒன்றுமில்லை.

படி 3: இரண்டையும் சேர்த்து அசையுங்கள். மதிப்பீடு: 100 பை × 0.1 + 25 பை × 0.1 = 12.5 பை. நேரடியாகக் கணக்கிட்டால் 12.701 பை. அசைவை 0.1-க்குப் பதில் 0.01 ஆக்கிப் பாருங்கள், வித்தியாசம் 0.002 பை அளவுக்குச் சுருங்கிவிடும்.

படி 4: மாறியை மாற்றிப் பாருங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். உயரத்துக்குப் பதிலாக வளைபரப்பை இரண்டாவது சாரா மாறியாக எடுப்போம். வளைபரப்பு = 2 × பை × ஆரம் × உயரம்; நம் உருளைக்கு 100 பை. அப்போது கன அளவு = ஆரம் × வளைபரப்பு ÷ 2. இதை ஆரத்தைப் பொறுத்து வகையிட்டால் 50 பைதான் வருகிறது!

அதே உருளை, அதே ஆரம், ஆனால் விடை பாதி. காரணம், வளைபரப்பு மாறாமல் ஆரம் கூட வேண்டுமென்றால் உயரம் குறைந்தாக வேண்டும். ஆரம் 5.1 ஆனால் உயரம் சுமார் 9.8-க்கு இறங்கிவிடும். ஆக, 'ஆரத்தைப் பொறுத்த பகுதி வகைக்கெழு' என்று மட்டும் சொன்னால் கேள்வியே முழுமையாகாது.

வெப்ப இயக்கவியலில் பகுதி வகைக்கெழுவை அடைப்புக்குறிக்குள் போட்டு, மாறாமல் வைத்த அளவைக் கீழே பொடியாக எழுதுவது இதனால்தான். வாயுவின் தன்வெப்பம் (ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்) அழுத்தம் மாறாதபோது ஒன்று, கன அளவு மாறாதபோது வேறொன்று. காற்றுக்கு முதலாவது இரண்டாவதைப் போல் சுமார் 1.4 மடங்கு.