பழைய பெட்ரோல் டிராக்டர் கிளம்பாவிட்டால் எடுத்த எடுப்பில் கார்புரேட்டரைக் கழற்றாதீர்கள்

ஃபோர்டு 8என், ஃபெர்குசன் டிஇ20, ஃபார்மால் எச் போன்ற பழைய பெட்ரோல் டிராக்டர் வைத்திருப்பவர்கள் செய்யும் முதல் தவறு, இன்ஜின் இடறினாலே, பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர்தான் காரணம் என்று முடிவுகட்டுவது. வெளியே தெரிகிற இடத்தில் இருக்கிறது, ஒருசில போல்ட்டில் கையோடு வந்துவிடுகிறது, ஆகவே ஸ்பேனர் அங்கேதான் போகும். ஆனால் கார்புரேட்டர் கோளாறு என்று கொண்டுவரப்படும் வண்டிகளில் பலவற்றுக்கு நோய் பொறியை உண்டாக்கும் இக்னிஷன் பாகங்களில் இருக்கும்: மின்னோட்டத்தைத் திறந்து மூடும் பாயிண்டிலோ, அது கருகாமல் காக்கும் கண்டன்சரிலோ, பொறிக்கான உயர் வோல்டேஜைத் தரும் காயிலிலோ. எதையும் கழற்றும் முன் பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா என்ற இரண்டையும் தனித்தனியே பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.

பொறி பார்ப்பதிலேயே ஒரு தவறு நடக்கிறது. பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்து, பொறி தெரிந்ததும் "இக்னிஷன் சரி" என்று விட்டுவிடுகிறார்கள். வெளிக்காற்றில் அந்தச் சின்ன இடைவெளியைத் தாண்டுவது சுலபம். சிலிண்டருக்குள் அழுத்தத்தில் தாண்ட அதைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். அதனால் பிளக் ஒயரின் முனைக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் நடுவே கால் அங்குலம், அதாவது சுமார் 6 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, பொறி தாண்டுகிறதா என்று பாருங்கள். நீலமாக, சடசடவென்று சத்தத்தோடு வந்தால் நல்லது. மஞ்சளாக, நூல் போல வந்தால் பலவீனம். ஒயரை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், பக்கத்தில் திறந்த பெட்ரோல் இருக்கவே கூடாது.

பெட்ரோலுக்கு, கார்புரேட்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைக் கழற்றி ஒரு கண்ணாடி ஜாடியில் பிடியுங்கள். இங்கே பலரும் பொறுமை இழக்கிறார்கள். முதலில் கொட்டுவது கார்புரேட்டரின் கிண்ணத்தில் ஏற்கெனவே நின்ற பெட்ரோல். அதைப் பார்த்துத் திருப்திப்பட்டால் ஏமாந்துபோவீர்கள். இரண்டு நிமிடமாவது ஓடவிடுங்கள். நன்றாக ஆரம்பித்து நூலாக இளைத்தால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். மறுபடி வேகம் பிடித்தால் மூடியிலுள்ள காற்றுத்துளை அடைத்திருக்கிறது. இல்லையென்றால் டேங்க் அடியிலுள்ள கண்ணாடிக் கிண்ணத்தின் வலையையும், கார்புரேட்டர் நுழைவாயிலில் இருக்கும் சிறு வலையையும் பாருங்கள். இந்த இரண்டாவது வலை இருப்பதே பலருக்குத் தெரியாது. ஜாடியின் அடியில் முத்து முத்தாகத் தங்கினால் அது தண்ணீர்.

அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு நின்றுபோகிற வண்டிதான் ஆளை அலைக்கழிக்கும். ஆறவிட்டு அடித்தால் கிளம்பிவிடும். ஆறிய பிறகு எதைச் சோதித்தாலும் எல்லாம் சரியாகவே இருக்கும். நின்ற அந்த நிமிடமே, சூடாக இருக்கும்போதே, பொறியையும் பெட்ரோலையும் பார்க்க வேண்டும். பெட்ரோல் ஓடுகிறது, பொறி இல்லை என்றால் சூட்டில் படுத்துவிடும் காயில் அல்லது கண்டன்சர் மேல்தான் சந்தேகம். இதற்கான கருவிகளைக் கையோடு வைத்துக்கொண்டே வண்டியை ஓட்டுங்கள்.

பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்ப்பது பரவலான பழக்கம். அதன் மணல் துகள் முகப்பில் பதிந்து, கொஞ்ச நாளில் பாயிண்ட் கருகும். நாள்பட நின்ற வண்டியில் பாயிண்ட் மேல் படிந்திருப்பது மெல்லிய துரு மாதிரியான படலம்தான். தடித்த சுத்தமான காகிதத் துண்டை நடுவே வைத்து இழுத்தால் போதும். இடைவெளி வைக்கும்போது, சுழலும் தண்டிலுள்ள கேம் மேடு பாயிண்ட்டை முழுக்கத் திறந்த நிலையில் அளக்க வேண்டும். பாயிண்ட்டை உள்ளே வைத்து, ஒவ்வொரு பிளக்குக்கும் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் எந்த வகை என்றும் பாருங்கள். 8என் டிராக்டரிலேயே முன்பக்கம் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய வண்டிகளுக்கு 0.015 அங்குலம், 1950இல் வந்த பக்கவாட்டு வகைக்கு 0.025 அங்குலம்.

இந்த 8என் 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உலோக உடலோடு இணைந்தது. பழக்கதோஷத்தில் நெகட்டிவை எர்த் செய்தால் வண்டி ஓடவும் கூடும், ஆனால் பொறி பலவீனப்படும். 12 வோல்ட்டுக்கு மாற்றும்போது அதற்கேற்ற காயிலோ ரெசிஸ்டரோ போடாமல் விட்டால் பாயிண்ட்டும் காயிலும் கருகும். இன்ஜின் ஓடாதபோது ஸ்விட்சை ஆனில் விடுவதும் அதே சேதத்தைச் செய்யும்.

இத்தனையும் சரி என்றால், அப்புறம் கார்புரேட்டருக்கு வாருங்கள். பெட்ரோலை அளந்து விடும் ஜெட் துளைக்குள் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெருத்துவிடும். கிளீனர் திரவமும் காற்றும் போதும். கலவையைச் சரிசெய்யும் ஊசித் திருகை இறுக்கி மூடினால் அதன் முனையில் வளையம் விழுந்து, பிறகு எந்த அளவிலும் நிற்காது. மெதுவாகத் தொடும்வரை மூடி, ஒன்றிலிருந்து ஒன்றரைச் சுற்று திறந்து ஆரம்பியுங்கள். 8என்னில் இன்னொரு குழப்பமும் உண்டு: மெயின் திருகை வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும், மெதுவோட்டத்துக்கான ஐடில் திருகை வெளியே திருப்பினால் கலவை மெலியும். இரண்டையும் ஒரே திசையில் திருப்பிக்கொண்டே போகிறவர் எந்த முடிவுக்கும் வரமாட்டார். கிண்ணத்துக்குள் மிதந்து பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அது ஓட்டை, மாற்றத்தான் வேண்டும்.

காற்றைக் குறைத்து பெட்ரோலைக் கூட்டும் சோக்கைப் பாதி இழுத்தால்தான் ஓடுகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை, அல்லது கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்ட் குழாயின் கேஸ்கெட் வழியாகக் காற்று புகுகிறது. அப்படியே ஓட்டிக் காலம் தள்ளினால் கூடுதல் பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிடும். கிளம்பவில்லை என்று கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றுவதோ இன்னும் மோசம். தீ கார்புரேட்டர் வழியே திரும்பி வரும் ஒரு பின்வெடிப்பில் தீப்பிடித்துவிடும்.

பாயிண்ட், கண்டன்சர், காயில், பிளக் என எல்லாவற்றையும் ஒரே நாளில் புதிதாகப் போடாதீர்கள். புதிய கண்டன்சரும் கெட்டதாக வருவதுண்டு. ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, அடுத்ததற்குப் போங்கள். கழற்றிய பழசு வேலை செய்துகொண்டிருந்தது என்றால் அதை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருங்கள்.